ரயில் பக்கம் ஓடும்

எரிந்த என்ஜின் ஆயிலின் வாடை சோப்புக்குப் போகாது. மண்ணெண்ணெயில் கழுவி, அதன்மேல் சீயக்காய் தேய்த்தால் பாதி போகும். மீதிப் பாதி சோற்றில் ஏறும். வெள்ளிக்கிழமை முழுக்க ஒன்பதாம் குழியைச் சுற்றி மணலில் அந்த ஆயிலைக் கொட்டிக் கலந்து, உருளை இழுத்துவிட்டு வந்திருந்த அசரியா, சனிக்கிழமை சாயங்காலமும் கையை மோந்து பார்த்துக்கொண்டான்.

தாம்பரத்துக்குத் தெற்கே, ரயில் பாதைக்கும் ஏரிக்கும் நடுவில் இருந்த அந்த கோல்ஃப் கிளப்பில் மொத்தமே ஒன்பது குழிகள். புல்லுக்கு ஊற்றத் தண்ணீர் கிடையாது. அதனால் ஒவ்வொரு குழியைச் சுற்றியும் வட்டமாக ஆயில் மணல். அதற்கு பிரவுன் என்று பெயர். பந்து அதன்மேல்தான் உருண்டு குழியில் விழ வேண்டும். ஒருவர் ஆடி நகர்ந்ததும் சாக்கை இழுத்துக் கால்தடத்தை அழிக்க வேண்டும். அதைச் செய்வதும், முள்ளுக்குள் பந்து தேடுவதும், உறுப்பினர்களின் மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே நடப்பதும் கேடிகளின் வேலை. அசரியா இருபத்தொன்பது வயதுக் கேடி. பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து பை தூக்கியதில் வலது தோள் சற்று இறங்கிவிட்டிருந்தது.

வருஷத்துக்கு ஒருமுறை, அடுத்தடுத்த சில ஞாயிற்றுக்கிழமைகள் மைதானத்தைக் கேடிகளுக்கு விடுவார்கள். கேடிகள் கோப்பை. மட்டைகள் உறுப்பினர்களிடம் இரவல். அந்த நாட்களில் மட்டும் ஒரு வழக்கம் உண்டு. உன் எதிராளியின் பையை நீ தூக்க வேண்டும், உன் பையை அவன் தூக்க வேண்டும். யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. பையைத் தூக்கினால் அந்த வேலையையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்த மட்டை சரி, பிரவுனில் பந்து எங்கே சாயும் என்று எதிராளி கேட்டால் தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் வாயைத் திறக்க வேண்டாம். எதிராளிதானே என்று எவனும் மாற்றிச் சொன்னதாக அசரியா கேள்விப்பட்டதில்லை.

அந்த வருஷம், தொண்ணூற்றொன்றில், கோப்பைக்குப் பின்னால் ஒரு வேலையும் இருந்தது. கிளப்பின் பழைய மார்க்கர் கண் தெரியாமல் போய் ஓய்வு பெற்றுவிட்டார். மார்க்கர் என்றால் உறுப்பினர்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற ஆள். மாதச் சம்பளம், பி.எஃப்., பையில் கிளப்பின் முத்திரை தைத்த வெள்ளைச் சட்டை. விடிவதற்கு முன்னால் வேப்பமரத்தடி பெஞ்சில் வந்து உட்கார்ந்து, இன்றைக்கு யார் கூப்பிடுவார்கள் என்று கார்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அதற்குத் தகுதியானவர்கள் இரண்டே பேர், அசரியாவும் அரிகிருஷ்ணனும். இருவரும் மாறிமாறிக் கோப்பை வாங்கியவர்கள். கமிட்டிக்கு முடிவு செய்யத் தெரியவில்லை. இறுதி ஆட்டத்தில் ஜெயிக்கிறவனுக்கு வேலை என்று செக்ரட்டரி கையை உதறிவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் கார் நிறுத்துமிடத்தில் வேதாசலம் அவனைக் கூப்பிட்டார். கல்குவாரி வைத்திருப்பவர். அவருடைய மட்டைச் செட்டை வைத்துத்தான் அசரியா மறுநாள் அரியோடு இறுதி ஆட்டம் ஆடப்போகிறான். காரின்மேல் சாய்ந்துகொண்டு வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். தோலை ஊதியபோது அது அசரியாவின் சட்டையில் வந்து ஒட்டியது. அதைத் தட்டிவிட்டால் மரியாதைக்குறைவாக இருக்குமோ என்று அவன் அப்படியே நின்றான்.

"ஒம்பதாவது பிரவுன் புதுசாப் போட்டது நீதானேடா?"

"ஆமா சார். நானும் தோட்டக்காரரும்."

"அரி எங்க இருந்தான்?"

"படப்பையில அவங்க மச்சான் வூட்டு விசேஷம் சார். இன்னைக்குத்தான் வந்தான்."

வேதாசலம் அவன் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டார். அக்குளின் ஈரம் அவன் காலரில் பட்டது. மேலே சென்ட், அடியில் வேறு ஏதோ. "அப்ப அதோட சாய்வு அவனுக்குத் தெரியாது. நாளைக்கு உன்னத்தான் கேப்பான். எந்தப் பக்கம் ஓடும்?"

"பாக்கறதுக்கு ஏரிப் பக்கம் இறங்கற மாதிரி தெரியும் சார். ஆனா உருளை போட்டதுல ரயில் பக்கம் அமுங்கிக்கிச்சு. ரயில் பக்கம்தான் ஓடும்."

"நல்லது. ஏரிப் பக்கம்னு சொல்லிடு. ஒரே வார்த்த."

"அது வழக்கம் இல்ல சார்."

"வழக்கத்த வெச்சுகினு பெஞ்சுலயே உக்காந்திரு. டேய், என் செட்டுடா அது. நீ தோத்தா அந்த ரத்தினம் ஒரு வருஷத்துக்கு என்ன விடமாட்டான்." ரத்தினம் மருந்து ஏஜென்சிக்காரர். அரிக்குச் செட் கொடுத்திருப்பவர். இருவரும் ஒன்றாகவே குடிப்பார்கள், ஒருவரையொருவர் இளப்பமாகப் பேசிக்கொள்வார்கள். "என்ன, சொல்லிடுவியா?"

அசரியா தலையை அசைத்தான். அது சரி என்றும் இல்லை, முடியாது என்றும் இல்லை. வேதாசலம் தனக்கு வேண்டியதை அதிலிருந்து எடுத்துக்கொண்டு, கன்னத்தில் தட்டிவிட்டுப் போனார். கடலையின் உப்பு கன்னத்தில் ஒட்டியது.

இரும்புலியூரில் இருந்த வீட்டுக்கு நடந்து போகும்போது அவன் தன்னையே கேட்டுக்கொண்டான். நாளைக்கு என்ன சொல்வேன்? நிச்சயமாகத் தெரியவில்லை. சொல்லமாட்டேன் என்று உடனே மனசு சொல்லும் என்றுதான் எதிர்பார்த்தான். அது சொல்லாமல் கணக்குப் போட்டது. வேதாசலத்தின் அக்குளைவிட அது அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அரி அவனுடைய பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு மூக்கைச் சுளித்தான்.

"இன்னாடா, லாரி ஷெட்டுல படுத்துகினு இருந்தியா? வூட்ல சோறு போட்டாங்களா?"

"போட்டாங்க. மூக்கப் புடிச்சுகினு துன்னேன்."

"மார்க்கரானா சென்ட் வாங்கி அடிச்சுக்க. இல்லாட்டி ஒரு மேடமும் கத்துக்க வராது."

"நீ ஆயிட்டா?"

"நான் ஆனா உனக்கும் சேத்து வாங்கித் தரேன் மச்சான்."

அரி நெட்டையன். பந்தை அடிப்பதற்கு முன்னால் ஒருமுறை வானத்தைப் பார்ப்பான். அசரியாவைவிடத் தூரம் அடிப்பான். பிரவுனில் மட்டும் அசரியாவின் கை நிதானம். ஒருவனிடம் உள்ளது மற்றவனிடம் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற காலைகளில் இதைப் பற்றி மட்டும்தான் சண்டை போடாமல் பேசிக்கொள்வார்கள்.

பின்னால் உறுப்பினர்கள் கூட்டமாக வந்தார்கள். காலையிலேயே பீர். ஒரு சர்வர் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முள்காட்டில் தடுமாறி நடந்தான். யார் மேல் யார் பந்தயம் என்று சத்தமாகப் பேசிக்கொண்டார்கள். "நெட்டையன் மூச்சு வாங்கறான் பாரு." "இவனுக்குத் தோள் ஒரு பக்கம் கோணல், எப்படி நேரா அடிப்பான்?" கேட்கும் தூரத்தில்தான் பேசினார்கள். கேட்கக்கூடாது என்று அவர்களுக்குத் தோன்றவேயில்லை. வேதாசலம் புதரோரம் நின்று சிறுநீர் கழித்தபடியே திரும்பி, "அசரியா, ஞாபகம் இருக்குல்ல?" என்றார். மற்றவர்கள் சிரித்த விதத்திலிருந்து, அவர் இரவே எல்லோரிடமும் சொல்லிவிட்டார் என்று அவனுக்குப் புரிந்தது.

குறைந்த அடியில் பந்தைப் போடுகிறவனுக்கு அந்தக் குழி. ஆறு குழி வரை சமமாக வந்தார்கள். அரி இரண்டு தடவை மட்டை கேட்டான், அசரியா சொன்னான். அசரியா ஒரு தடவை காற்று கேட்டான். அரி மண்ணைக் கிள்ளிப் போட்டுப் பார்த்துவிட்டு, "மேல வேற மாதிரி அடிக்குது, பனை ஓலையப் பாரு" என்றான். அது சரியாகத்தான் இருந்தது.

ஏழாவதில் அரியின் பந்து வேலிக்காத்தான் புதரடியில் கிடந்தது. கூட்டம் தள்ளி நின்றது. அசரியா மட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பையின்மேல் குனிந்திருந்தான். நிமிர்ந்தபோது அரி மட்டையைப் பந்தின் பின்னால் வைத்தபடி அசையாமல் நின்றிருந்தான். பிறகு கையைத் தூக்கினான்.

"பந்து அசைஞ்சிடுச்சு. எனக்கு ஒரு அடி சேத்துக்க."

"நான் பாக்கல."

"நீ பாக்கலன்னா அசையலன்னு ஆயிடுமா?"

கூட்டத்திலிருந்து ரத்தினம் கத்தினார். "யாருடா பாத்தா? எவனும் பாக்கல. ஆடு."

"நான் பாத்தேன் சார்."

அந்த ஒரு அடியால் குழி அசரியாவுக்குப் போனது. ரத்தினத்தின் முகம் நரகலை மிதித்தவன் முகம் மாதிரி ஆகிவிட்டது. எட்டாவதை அரி கோபத்தில் அற்புதமாக அடித்து எடுத்தான். மறுபடி சமம். ஒன்பதுக்கு நடக்கும்போது ரத்தினம் அவனை ஓரமாக இழுத்துக்கொண்டு போய்க் காதோடு பேசினார். பேசும்போது வேதாசலத்தைக் காட்டினார், பிறகு அசரியாவைக் காட்டினார். அரி குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். திரும்பி வந்தபோது அசரியாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பையை மட்டும் மாட்டிக்கொண்டான்.

ஆளுக்கு மூன்று முறை அடித்து, இரண்டு பந்துகளும் ஒன்பதாவது பிரவுனில் வந்து சேர்ந்தன. அசரியாவின் பந்து குழிக்கு ஒரு முழத்துக்கும் குறைவு. அரியின் பந்து நான்கு எட்டுத் தள்ளி. தூரத்தில் உள்ளவன்தான் முதலில் ஆட வேண்டும். அரி போட்டுவிட்டால் சமம், இன்னொரு குழி ஆட வேண்டும். தவறவிட்டால் வேலை அசரியாவுக்கு.

வெயிலில் ஆயில் வாடை குப்பென்று எழுந்தது. கூட்டம் வட்டமாகச் சூழ்ந்துகொண்டது. வேதாசலம் குந்தி உட்கார்ந்து பாட்டிலை முட்டியில் வைத்திருந்தார். அவர் உதட்டில் நுரை.

அரி குனிந்து ஏரிப் பக்கம் பார்த்தான், ரயில் பக்கம் பார்த்தான். பிறகு, அன்றைக்கு முதல்தடவையாகத் தயங்கி, கேட்டான். "எந்தப் பக்கம்டா ஓடும்?"

வெள்ளைச் சட்டை அசரியாவின் கண்ணில் ஒருமுறை வந்து போனது. அதை அவன் பிற்பாடும் மறுக்கவில்லை. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"ரயில் பக்கம் ஓடும். குழிக்கு ரெண்டு விரக்கடை ஏரிப் பக்கமா அடி."

அரி அவனை நிமிர்ந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். ஏழாவதில் தன்மேல் தானே அடி போட்டுக்கொண்ட அதே மனுஷன்தான். ஆனால் இப்போது அந்தக் கண்ணில் ரத்தினம் வந்து உட்கார்ந்திருந்தார். அரி வானத்தைப் பார்க்காமல், குழிக்கு ரயில் பக்கமாகக் குறிவைத்து அடித்தான். பந்து நேராகப் போய், பாதியில் மெல்ல வளைந்தது, ரயில் பக்கம். குழியை எட்டிக்கூடப் பார்க்காமல் கடந்து போய் நின்றது.

கூட்டம் கூச்சல் போட்டது. அரி நின்ற இடத்திலேயே நின்றான்.

"நீ சொன்னதுதான்" என்றான் மெதுவாக.

"அதத்தானே சொன்னேன்."

"நீ மாத்திச் சொல்லுவன்னு சொன்னாங்க. வேதாசலம் சார் சொல்லிக் குடுத்திருக்காராம்."

"சொன்னாரு. நான் சொல்லல."

அரி துப்பினான். யார்மேல் என்று தெரியவில்லை, மண்ணில்தான் விழுந்தது.

அசரியாவுக்கு இன்னும் ஒரு அடி பாக்கி. கண்ணை மூடிக்கொண்டு போடலாம். தவறவிட்டால் என்ன என்று தோன்றியது. அவன் கை தளர்ந்ததை அரி பார்த்துவிட்டான்.

"நீ வேணும்னு தப்பா அடிச்சின்னு வெச்சுக்க, அப்புறம் உன் மூஞ்சியில முழிக்கமாட்டேன். ஒழுங்கா போடு."

போட்டான். பந்து குழிக்குள் விழுந்த சத்தம் நன்றாகக் கேட்டது.

வராந்தாவில் கோப்பையைக் கொடுத்தார்கள். வேதாசலம் அவனைக் கட்டிப் பிடித்து, வியர்வைச் சட்டையோடு தூக்கினார். கடித்துப் பாதி வைத்திருந்த கோழிக்காலை அவன் வாயருகே நீட்டினார். "என்னமா சொன்னான்யா, கண்ணு கூட இமைக்கல. நான் ட்ரெயின் பண்ண பையன்."

"நான் சரியாத்தான் சொன்னேன் சார்."

"சரியாத்தான் சொன்ன. ரொம்பச் சரியாச் சொன்ன." எல்லோரும் சிரித்தார்கள்.

கோப்பை வாங்குகிறவனைத் தவிர மற்றக் கேடிகள் வராந்தாவுக்கு ஏறக்கூடாது. அரி படிக்குக் கீழே நின்று பேசினான். "அவன் நெஜமாத்தான் சொன்னான் சார். ரயில் பக்கம்னான். நான்தான் நம்பல. அவன் பொய் சொல்லுவான்னு ரத்தினம் சார் சொன்னாரு, அதனால மாத்தி அடிச்சேன்."

ரத்தினம்தான் முதலில் சிரித்தார். தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "அட, அப்படி ஒண்ணு இருக்கா? நெஜத்தச் சொல்லியே கவுத்துட்டானா? வேதாசலம், உன் ஆளு உன்னையே மிஞ்சிட்டான்யா." வேதாசலத்துக்கு அது இன்னும் பிடித்துப்போயிற்று. செக்ரட்டரி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர்களுக்குள் எது போனாலும் ஒரே மாதிரி வேர்க்கடலைத் தோலாகி வெளியே ஊதப்படுவதைப் பார்த்தபடி அசரியா கோழிக்காலின் மசாலாவை உதட்டிலிருந்து துடைத்தான். துடைத்த கையில் ஆயில் வாடை.

வீட்டில் அவன் மனைவி ஹில்டா கோப்பையைக் கழுவி, சிலுவைப் படத்துக்குக் கீழே வைத்தாள். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "நெஜமாவே சரியாத்தான் சொன்னீங்களா?" என்றாள்.

"நீயுமா?"

"கேட்டேன். மாத்திச் சொல்லியிருந்தாலும் நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. வேலை கெடைச்சுதுல்ல."

அவன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஆயில் வாடை என்று சொல்லிவிட்டான்.

வேலை நல்ல வேலைதான். சட்டை பொருத்தமாக இருந்தது. பழைய மார்க்கரின் கொட்டகையும் ஸ்டூலும் கிடைத்தன. ஆனால் வேதாசலம் கேளம்பாக்கத்திலிருந்து, பட்டணத்திலிருந்து என்று விருந்தாளிகளை அழைத்து வரும்போதெல்லாம் கொட்டகை வாசலில் கொண்டுவந்து நிறுத்துவார். "இவன்தான் நான் சொன்ன ஆளு. அந்தக் கதையச் சொல்லு." அசரியா நடந்ததை நடந்தபடி சொல்லுவான். சொல்லி முடித்ததும் விருந்தாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணடிப்பார்கள். எப்படிச் சொன்னாலும் அப்படித்தான். சொல்லாமல் நின்றால் வேதாசலமே சொல்லுவார், இன்னும் கேவலமாக. உண்மை இவ்வளவு அசிங்கமாகச் சிரிக்கப்படக்கூடியது என்று அவனுக்கு அதுவரை தெரியாது. சில நாள் அவனுக்கே சந்தேகம் வந்தது. நம்பமாட்டான் என்று உள்ளுக்குள் தெரிந்துகொண்டுதான் அன்றைக்குச் சரியாகச் சொன்னேனோ? யோசித்து யோசித்துப் பார்த்தான். இல்லை என்றுதான் பட்டது. ஆனால் சத்தியம் செய்யத் துணிவில்லை.

பெஞ்சில் இருந்தவர்கள் அவனை அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அரி மட்டும் பழையபடி டா போட்டான். எது பேசினாலும் அந்த ஒன்பதாம் குழியைத் தொடாமல் பேசினான்.

மறுவருஷம் கோப்பை வந்தபோது யாரும் எதிராளியின் பையைத் தூக்கவில்லை. வேண்டாம் என்று எவரும் கூடிப் பேசவில்லை. முதல் ஆட்டக்காரன் தன் தம்பியை அழைத்துக்கொண்டு வந்தான், இரண்டாமவன் தன் பக்கத்து வீட்டுக்காரனை. அவ்வளவுதான், போயிற்று. மார்க்கர் கிளப் ஊழியன் என்பதால் ஆட்டத்தில் அசரியாவுக்கு இடமில்லை. கொட்டகையில் உட்கார்ந்து பந்துகளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

இறுதி ஆட்டத்தன்று காலை அரி வாசலில் வந்து நின்றான். அவனுக்கு எதிராளி சவுரிமுத்து, துடியான இளைஞன், சொந்தக்காரன் ஒருவனைப் பை தூக்கக் கூட்டி வந்திருந்தான்.

"வா. என் பையத் தூக்கு" என்றான் அரி.

"மார்க்கர் பை தூக்கக்கூடாதுடா. யூனிஃபார்ம்ல கீறேன்."

"கழட்டிட்டு வா."

அசரியா அவனையே பார்த்தான். அரியின் முகத்தில் விளையாட்டு இல்லை. அசரியா சட்டையைக் கழற்றி ஸ்டூலின்மேல் மடித்து வைத்தான். பனியனோடு வெளியே வந்து பையைத் தோளில் மாட்டினான். இறங்கிப்போன தோளில் அது பழைய இடத்தில் போய் உட்கார்ந்தது. வராந்தாவிலிருந்து செக்ரட்டரி ஏதோ கூப்பிட்டார். இருவரும் திரும்பவில்லை.

ஒன்பதாவதுக்கு வந்தபோது ஆட்டம் சமம். முன்தினம் ராத்திரி கோடைமழை பெய்து மணல் அங்கங்கே கட்டியிருந்தது. சவுரிமுத்து போட்டுவிட்டான். அரியும் இந்த அடியில் போட்டால் கோப்பை அவனுக்கு. சவுரிமுத்துவைவிட ஒரு அடி குறைவாக அடித்தே பிரவுனுக்கு வந்திருந்தான். தவறினால் சமம்.

"அரி, ஜாக்கிரதை" என்று எதிரே வராந்தாவில் போட்டிருந்த நாற்காலியிலிருந்து வேதாசலம் குரல் கொடுத்தார். "நெஜத்தச் சொல்லிடப்போறான்." அருகிலிருந்த ரத்தினத்துக்குச் சிரிப்பில் புரையேறியது.

அரி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. "எந்தப் பக்கம்டா?"

அசரியா மண்டியிட்டுப் பார்த்தான். சுற்றி வந்து பார்த்தான். இரண்டு மனசாக இருந்தது. கடைசியில், "எங்கயும் ஓடாது. மழையில கட்டிக்கிச்சு. நேரா அடி" என்றான்.

அரி வானத்தைப் பார்த்தான். நேராக அடித்தான். பந்து நூல் பிடித்த மாதிரி போய், குழிக்கு ஒரு சாண் இருக்கும்போது ஏரிப் பக்கம் நழுவி, விளிம்பைத் தொட்டுக்கொண்டு வெளியே நின்றது.

வராந்தாவிலிருந்து எழுந்த சத்தத்துக்கு ஏரிக்கரைக் கொக்குகள் பறந்தன. "மறுபடியும் போட்டான்யா" என்று வேதாசலம் நாற்காலியைத் தட்டினார். அவர் வாயிலிருந்து கடலைத் துணுக்குகள் தெறிப்பது இங்கிருந்தே தெரிந்தது.

அசரியா வராந்தாப் பக்கம் பார்க்காமல் அரியிடம் வந்தான். "தப்பாப் பாத்துட்டேன்டா. சத்தியமா..."

"தெரியும். விடு. பாக்கறவன் சில சமயம் தப்பாப் பாப்பான்." அரி பந்தைக் குழிக்குள் தட்டிவிட்டு, சாக்கை எடுத்துத் தங்கள் இருவருடைய கால்தடங்களையும் இழுத்து அழித்தான். சமமானதால் முதல் குழியிலிருந்து மறுபடி ஆட வேண்டும்.

சவுரிமுத்து முன்னால் போய்க்கொண்டிருந்தான். பின்னால் நாற்காலிகளை இழுக்கிற சத்தமும், ஐஸ் பெட்டி எங்கே என்ற அதட்டலும், அந்தச் சிரிப்பும் அவர்களோடு கூடவே நகர்ந்து வந்தன. முதல் குழியில் அரி பந்தை பிரவுனில் ஏற்றிவிட்டு, மட்டையை வாங்கக் கையை நீட்டினான். பிறகு எல்லோர் காதிலும் விழும்படி, சாதாரணக் குரலில் கேட்டான்.

"சொல்லுடா. எந்தப் பக்கம்?"

அசரியா பையை இறக்கிவைத்துவிட்டு மண்டியிட்டான்.